துறவியின் கையாலாகாத்தனம்

வீடியோ விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதினால் சில நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒரு நாவலைச் சினிமாவாக்கினால் விமர்சிக்கக் கிளம்புகிறவர்கள், அதை விளையாட்டாக்கும்போது மட்டும் குழந்தைகள் சமாசாரம் என்று ஒதுங்கிக்கொள்வது எனக்குப் புரியவில்லை.

நான் சொல்வது 'ஸைய்யூகி'. ஜப்பானின் கோயெய் நிறுவனம் 1999இல் பிளேஸ்டேஷனுக்காகச் செய்தது; ஆங்கிலத்தில் 2001இல் வந்தது. பதினாறாம் நூற்றாண்டுச் சீன நாவலான 'மேற்கு நோக்கிய பயணம்'தான் மூலம். சதுரங்கம் போலக் கட்டம் கட்டமான களம். ஒவ்வொரு பாத்திரத்தையும் அதன் முறை வரும்போது நகர்த்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூதம் உண்டு. நம் ஐம்பூதமல்ல, சீனர்களுடையது: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். இது விளையாட்டுக்காரர்கள் ஒட்டவைத்த சரக்கு என்று தள்ளிவிட முடியாது. நாவலின் அத்தியாயத் தலைப்புகளே குரங்கை உலோகமென்றும் பன்றியை மரமென்றும் பூடகமாகக் குறிக்கின்றன. குரங்கு பிரம்மாண்டமான வானரமாக உருமாறுவதும், அந்த உரு நெடுநேரம் நிலைக்காமல் போய்விடுவதும் நல்ல கற்பனை. சக்தி என்பது இரவல் வாங்கியதுதான் என்ற உணர்வு அந்தச் சில கணங்களில் தட்டுப்படுகிறது.

என் சண்டை துறவியோடுதான்.

நாவலில் அவன் பயந்தாங்கொள்ளி, அழுகிறவன், எந்த அரக்கன் வேஷம் போட்டு வந்தாலும் நம்பிவிடுகிறவன். வெண்ணெலும்புப் பேய் மூன்று முறை வேஷம் மாற்றி வருகிறது. மூன்று முறையும் குரங்கு அடையாளம் கண்டு அடிக்கிறது. துறவியோ கொலைகாரன் என்று குரங்கை விரட்டிவிடுகிறான். அவனிடமுள்ள ஒரே ஆயுதம் தலையை இறுக்கும் மந்திரம். அதுவும் சீடனின் தலைக்கு. எல்லாம் வல்லவன் ஒன்றும் அறியாதவனுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறான். நாவலின் சிரிப்பும் வேதனையும் இந்த ஒரு முடிச்சில் இருக்கின்றன. சரித்திரத்து யுவான் சுவாங் அப்படியில்லை. பாலைவனம் கடந்து, காஞ்சிபுரம் வரை வந்து, 645இல் சீனத் தலைநகர் திரும்பிய மனிதர். அந்தத் தீரரைக் கோழையாக்கியது நாவலின் சிருஷ்டி.

விளையாட்டு இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. அதன் சான்ஸோவை ஆணாகவோ பெண்ணாகவோ நாம் தேர்ந்துகொள்ளலாம். அதில் எனக்குத் தகராறில்லை. ஆனால் இந்தச் சான்ஸோ சண்டை போடுகிறார், காவல் தெய்வங்களை அழைக்கிறார், அனுபவப் புள்ளிகள் சேர்த்து வலுவடைகிறார். கட்டங்களுக்குக் கையாலாகாதவன் ஒத்துவரமாட்டான். நிற்கும் ஒவ்வொருவனும் ஏதாவது செய்தாக வேண்டும். சரித்திரத்துக்கு இதுதான் நெருக்கம் என்று யாராவது வாதிக்கலாம். யுவான் சுவாங் புள்ளி சேர்த்து வலுப்பெற்றவரல்ல.

கணக்கு நாவலிலும் உண்டு. விதித்தது எண்பத்தொரு இடர்கள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது; உடனே ஒன்றை ஏற்பாடு செய்து யாத்ரீகர்களை வானத்திலிருந்து கீழே தள்ளுகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்து நாவல் சிரிக்கிறது. விளையாட்டு எண்ணிக்கையை நம்புகிறது.

நானும் நம்பினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல இரவுகள் உட்கார்ந்து துறவியைப் பலசாலியாக்கினேன். எந்த இரவிலும் குரங்கை விரட்ட வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.