நகர மீட்சி ஆய்வும் ‘ஏறுவெயில்’ நாவலும்

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் இராஜாஜி காந்தி ஆசிரமம் நிறுவியபோது, வறட்சியால் நலிந்த சிற்றூர்களுக்குக் கதர் துணைவருவாயாக அமைந்தது. இன்று திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்குச் செல்கின்றன. இவ்விரு புள்ளிகளையும் இணைத்து மீட்சிக் கோடு வரைதல் எளிது. ஆயின் ஊரையே அலகாகக் கொள்ளும் ஆய்வில் ஊர் உயர்ந்ததா என்பது தெரியும். அங்கிருந்தோர் உயர்ந்தனரா என்பது தெரியாது.

பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991) இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. குடியிருப்புக் காலனி எழுவதற்காக நிலம் இழந்த உழவர் குடும்பம் குறுகிய இருப்பிடத்திற்கு நகர்ந்து மெல்லச் சிதைகிறது. நகர விரிவின் கணக்கில் காலனி வரவாகும். இக்குடும்பம் எந்தப் பத்தியிலும் வாராது. வட்டார வழக்குச் சொற்களுக்காக மட்டும் இந்நாவலை நாடுவது போதாது.

எனினும் நாவலுக்கும் எல்லை உண்டு. நிலமுடைய வீட்டுச் சிறுவனின் பார்வையிலேயே கதை விரிகிறது. திரையரங்கில் சோடா விற்கும் இளைஞனைப் பற்றிய ‘நிழல் முற்றம்’ (1993), இழப்பதற்கு நிலமே இல்லாதவரைக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்து, குடும்பங்களைத் தலைமுறைதோறும் பின்தொடரும் கள ஆய்வே இங்குத் தேவை. ரிக் உரிமையாளர் பட்டியலிலிருந்து அதனைத் தொடங்கலாகாது.