வண்ணக் கண்ணாடியும் சொந்த அனுபவமும்: டோனா வில்லியம்ஸ் நூல் குறித்து ஒரு பார்வை



“எழுத்து ஆடுது டீச்சர், வெள்ளைத் தாளைப் பார்த்தா கண் கூசுது” என்று ஒரு பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்? படிக்காமலிருக்கச் சாக்கு என்று தள்ளிவிடலாம். அல்லது வண்ணக் கண்ணாடி வாங்குங்கள் என்று பெற்றோரிடம் சொல்லலாம். இரண்டுமே அவசர முடிவுதான். நிதானமாக யோசிக்க ஒரு நூல் உதவும். ஆஸ்திரேலிய எழுத்தாளர் டோனா வில்லியம்ஸ் 1996இல் வெளியிட்ட ‘லைக் கலர் டு த பிளைண்ட்’ என்ற தன்வரலாறுதான் அது.

ஆட்டிசம் உடைய இவர், ‘நோபடி நோவேர்’ (1992) என்ற முதல் நூலால் உலகறியப்பட்டவர். எதிரில் இருப்பவரின் முகம் அவருக்கு முழுதாகத் தெரியாது. கண், மூக்கு, வாய் என்று துண்டு துண்டாகத்தான் தெரியும். வண்ணக் கண்ணாடி போட்டபின் முகமும் அறையும் ஒன்றுசேர்ந்து தெரிந்ததாக எழுதுகிறார்.

நூலின் பலமே இதுதான். கண்ணில் படுவது வேறு, அதை மூளை சேர்த்துப் புரிந்துகொள்வது வேறு என்பதைப் பாடநூல் சொல்வதைவிடத் தெளிவாக உணர்த்துகிறார். படித்து முடித்தபின், கண் கூசுது என்கிற பிள்ளையை “சும்மா சொல்லாதே” என்று அதட்ட மனம் வராது.

சரி, அதுக்காக எல்லாப் பிள்ளைக்கும் கண்ணாடி மாட்டிடலாமா? அங்கேதான் கவனம் தேவை. தமக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு டோனா நல்ல சாட்சி. ஏன் நேர்ந்தது என்பதற்கு அவர் சாட்சி அல்லர். இந்தக் கண்ணாடியை 1980களில் பரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் ஹெலன் அர்லென். டிஸ்லெக்சியா பெரும்பாலும் மொழியின் ஒலிகளைக் கையாள்வதில் வரும் சிக்கல். அதற்கு வண்ணக் கண்ணாடி தீர்வு என்பதற்குப் போதிய அறிவியல் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ, கண் மருத்துவ அமைப்புகள் 2009இல் கூட்டாக அறிவித்தன. ஆனால் ஒற்றைத் தலைவலியால் ஒளியைத் தாங்க முடியாதவர்கள் சிலருக்கு எஃப்.எல்-41 என்ற இளஞ்சிவப்புக் கண்ணாடி உதவுவதாக ஆய்வுகள் உண்டு. ஆக, கண் கூச்சம் ஒரு சிக்கல், வாசிப்புத் தடை இன்னொரு சிக்கல். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். மருந்து மட்டும் ஒன்றல்ல.

வகுப்பில் ஒரு சின்ன முயற்சி செய்து பாருங்கள். பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, ‘பட்டம்’ என்ற சொல்லை அசை அசையாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அதிலேயே தடுமாறினால் எந்த நிறக் கண்ணாடியும் அந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்காது. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் பயிற்சிதான் வேண்டும். வாயால் சரியாகப் பிரிக்கிறான், தாளில் மட்டும் புள்ளியைத் தவறவிடுகிறான் என்றால், முதலில் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். கூடவே சன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத இடம், மங்கல் மஞ்சள் தாள், இடைவெளி விட்ட பெரிய எழுத்து ஆகியவற்றைக் கொடுத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. இது நோயைக் கண்டறியும் சோதனை அல்ல. எந்தப் பக்கம் உதவி தேடுவது என்பதற்கு ஒரு குறிப்பு மட்டுமே.

மாணவர்களே, உங்கள் வாதக் கட்டுரைக்கும் இதில் பாடம் உண்டு. “என் நண்பனுக்குப் பலன் கிடைத்தது, எனவே அனைவருக்கும் கிடைக்கும்” என்று எழுதினால் வாதம் அந்த இடத்திலேயே சரிந்துவிடும். அனுபவத்தை எடுத்துக்காட்டாக வையுங்கள். முடிவைச் சான்றின்மேல் கட்டுங்கள்.

டோனாவின் நூலைப் படியுங்கள், பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகுவதற்காக. கண்ணாடிக் கடைக்கு வழிகாட்டியாக மட்டும் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். தவறான தீர்வில் பணம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். முதலாம் ஆண்டில் வாசிக்கக் கற்க வேண்டிய பிள்ளைக்கு அந்த ஆண்டு திரும்ப வராது.