தொட்டியின் துளைகள்

முத்தாபுதுப்பேட்டையில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது கம்ப்யூட்டர் விசிறி போடும் இரைச்சலைக் கேட்டவர்களுக்குத்தான் தண்ணீரால் குளிர்விக்கும் ஆசை புரியும். அந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டிலேயே செய்துகொள்ளும் சின்னத் தொட்டி.

தொட்டிதான் குளிர்விக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 200 வாட் வெப்பம் ஏறினால் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 21 விநாடியில் ஒரு டிகிரி சூடாகிவிடும். சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டர். காற்றைப் பிரித்து, பம்புக்குத் தண்ணீர் மட்டும் போகும்படி பார்த்துக்கொள்வதே தொட்டியின் வேலை.

ஆகவே அழகெல்லாம் துளைகளில் இருக்கிறது. திரும்பி வரும் தண்ணீர், மட்டத்துக்குக் கீழே நுழைய வேண்டும். மேலிருந்து கொட்டினால் குமிழி கிளம்பும். பம்புக்குப் போகும் துளை அடியில், எதிர்ப்பக்கம். நடுவே ஒரு தடுப்புத் தகடு. பால்போல் வெளுத்து வரும் தண்ணீர் அந்தத் தகட்டில் முட்டி, குமிழிகளை மேலே விட்டுவிட்டுத் தெளிந்து இறங்குவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தொட்டிக்கான அக்ரிலிக் துண்டுகளின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துச் சேர்த்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குளோரோஃபாம் சொட்டு விட்டால் இரண்டு விளிம்பும் கரைந்து ஒன்றாகும். ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, மயிரிழை விரிசல் விடும். போர் தண்ணீரும் ஆகாது, உப்பு படியும், டிஸ்டில்டு வாட்டர்தான். அடியில் செய்தித்தாள் விரித்து, பம்பை மட்டும் ஓரிரவு ஓடவிட்டுக் கசிவு பார்த்த பிறகே கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுங்கள்.