வாய்மொழியும் கையொப்பமும்: ஷொஸ்தாகோவிச்சின் ‘சாட்சியம்’ பற்றிச் சில ஐயங்கள்

கலைஞன் ஒருவன் தன் படைப்பைப் பற்றிக் கூறியனவாக அச்சில் வரும் உரையாடல்களை நாம் பெரும்பாலும் ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோம். அவன் மறைந்தபின் அவை வெளிவருமாயின், அவற்றை மறுக்கவும் திருத்தவும் உரிமையுடையவன் இல்லாதொழிகிறான். ஆதலின் அத்தகைய நூல்களை மிகுந்த விழிப்புடன் அணுகுதல் திறனாய்வாளனின் கடமையாகும். சோவியத் இசையமைப்பாளர் டிமித்ரி ஷொஸ்தாகோவிச்சின் பெயரால் வெளிவந்த ‘சாட்சியம்’ என்னும் நூல் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

ஷொஸ்தாகோவிச் 1975இல் காலமானார். அவருடன் நிகழ்த்திய உரையாடல்களின் தொகுப்பு எனக் கூறி, இசைத்துறை எழுத்தாளரான சொலமன் வொல்கொவ் 1979இல் இந்நூலை நியூயோர்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளியிட்டார். நூலில் பேசும் ஷொஸ்தாகோவிச் ஆட்சியை உள்ளூர வெறுத்தவர். ஸ்ராலினைக் கசப்புடன் எள்ளுபவர். 1937இல் அரங்கேறிய ஐந்தாவது சிம்பொனியின் இறுதியில் ஒலிக்கும் களிப்பு, அச்சுறுத்தலால் வரவழைக்கப்பட்டதென அவர் கூறுவதாக நூல் சொல்கிறது. அதுவரை வெற்றி முழக்கமெனக் கேட்டுவந்த இசையை இதன்பின் பலர் வேறுவிதமாகக் கேட்கலாயினர். ஆகவே, இச்சொற்கள் எவருடையவை என்ற வினா இசையின் பொருளையே தொடுவதாகும்.

அதே ஆண்டு நவம்பரில் அவருடைய மாணவரும் நண்பரும் சிலர் மொஸ்கோப் பத்திரிகையொன்றில் நூலைக் கண்டித்தனர். அரசின் நெருக்குதல் நிலவிய சூழலில் எழுந்த அக்கண்டனத்தைக் கொண்டு முடிவு காணல் பொருந்தாது. 1980இல் அமெரிக்க ஆய்வாளர் லோரல் ஃபே முன்வைத்த சான்றுகளோ வேறு வகையின. ஷொஸ்தாகோவிச் சோவியத் இதழ்களில் முன்னரே வெளியிட்டவற்றுள் ஏழு பகுதிகள், ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் இந்நூலில் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ‘வாசித்தேன்’ என்ற குறிப்புடன் கூடிய கையொப்பம் அதிகாரங்களின் தொடக்கத்திலேயே இருந்தது. அப்பகுதிகளும் அங்கேயே இருந்தன. பின்னர் தட்டச்சுப் பிரதியின் படியொன்றை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரையில், கையொப்பமிட்ட பக்கங்களில் உள்ளவை ஏலவே அச்சானவையே என அவர் காட்டினார். உலகைத் திகைக்கவைத்த பகுதிகளுக்குக் கையொப்பம் இல்லை.

நூலின் ஆதரவாளர்கள் இசையமைப்பாளரின் அபார நினைவாற்றலைச் சுட்டுவர். ஒருவர் தம் பழைய கட்டுரையொன்றை நினைவிலிருந்து ஒப்புவித்தல் கூடும். அதிகாரந்தோறும், அதுவும் கையொப்பம் இடப்பட்ட பக்கத்திலேயே, அவ்வாறு ஒப்புவித்தார் என்பது நம்புதற்கரியது.

சொற்கள் அவருடையவையல்லவெனினும் சித்திரம் உண்மையானதன்றோ என வினவுவோரும் உளர். அச்சித்திரத்துக்கு வலுவான ஆதாரங்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1936இல் ‘பிராவ்தா’ அவருடைய இசைநாடகத்தைத் தாக்கியது. 1948இல் கட்சி அவரைக் கண்டித்தது. 1993இல் வெளியான, நண்பர் கிளிக்மனுக்கு எழுதிய கடிதங்களிலும், 1989இலேயே பகிரங்கமாக அரங்கேறிய ‘ராயோக்’ என்னும் அங்கதப் படைப்பிலும் அவருடைய எள்ளலை நேரடியாகவே காணலாம். இவை இருக்கையில் ஐயத்துக்குரிய நூலொன்றை நாம் ஏன் நாடவேண்டும்? கூறப்பட்ட பொருள் உண்மையாயிருத்தல் வேறு. அதனை இன்னார் இச்சொற்களிற் கூறினார் என்பது வேறு. இவ்விரண்டையும் மயங்கவிடின், நமக்கு உவப்பான கூற்றையெல்லாம் மெய்யென ஏற்கும் நிலை தோன்றும்.

ஷொஸ்தாகோவிச்சின் வாழ்வில் கையொப்பம் என்பதே நம்பத்தகாத ஒன்றாயிருந்தது. பிறர் எழுதிய கட்டுரைகள் அவர் பெயரில் வெளிவந்தன. 1973இல் சகாரோவைக் கண்டித்த கடிதத்திலும் அவர் பெயர் காணப்பட்டது. உயிரோடிருந்தபோது அரசு அவர் பெயராற் பேசியது. மறைந்தபின் அவரைப் போற்றுவோரும் அவ்வாறே செய்வராயின், அக்கலைஞனுக்கு எஞ்சுவது யாது? அவனுடைய இசை எஞ்சுகிறது. ஐந்தாவது சிம்பொனியின் இறுதிப் பகுதியை எவருடைய சாட்சியமுமின்றி மீண்டும் ஒருமுறை கேட்பதே நாம் அவனுக்குச் செய்யத்தக்க நீதியாகும்.