தோளுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஓர் அங்குல ரப்பர்

பென்சில்வேனியாவில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் பருவம், நவம்பரில் ‘தேங்க்ஸ்கிவிங்’ முடிந்த சனிக்கிழமை தொடங்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பு பக்கத்து வீட்டுக்காரர் தோளைத் தேய்த்தபடி தன் ரெமிங்டன் 700-ஐக் கொண்டுவந்தார். .30-06 தோட்டா, சிந்தெடிக் (பிளாஸ்டிக்) பின்கட்டை. கட்டை முனையில் இருந்த ரப்பர், இருபது வருடத்தில் பழைய டயர் மாதிரி இறுகிப் போயிருந்தது.

எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் இந்தத் தோட்டா சுமார் 20 அடி-பவுண்டு ஆற்றலோடு உதைக்கும். மெத்தென்ற ரப்பர் போட்டாலும் அந்த ஆற்றல் எங்கும் போகாது. அமுங்க அமுங்க உதை சற்று நேரம் எடுத்துக்கொண்டு, அகலமாகப் பரவி வரும். தோள் கேட்பது அதைத்தான்.

கடையில் இந்த ரப்பரில் இரண்டு வகை உண்டு: தேய்த்துப் பொருத்துவது, கட்டையின் அளவுக்கே வார்த்து வருவது. மரக்கட்டையென்றால் ரப்பரையும் மரத்தையும் சேர்த்து இழைத்து எண்ணெய் பூசிவிடலாம். பிளாஸ்டிக்கில் சாண்டர் ஒரு தடவை உரசினால் தழும்பு ஆயுசுக்கும் நிற்கும். எனவே வார்த்ததையே வாங்கச் சொன்னேன். அவரும் வாங்கினார், மரக்கட்டைக்கானதை! ஒரே 700 என்றாலும் மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் முனை அளவு வேறு. சுற்றிலும் தீக்குச்சி கனத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. திருப்பி அனுப்பி, சரியானது வர ஒரு வாரம் போயிற்று.

வேலை இருபது நிமிடம்தான். துப்பாக்கியின் தோட்டா அறை காலியென்று இருமுறை பார்த்து, போல்ட்டை உருவி வைத்தோம். திருகுத் தலைகள் ரப்பருக்குள் புதைந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி நுழைத்தால் ரப்பர் கிழியாமல் வழிவிடும். உள்ளே கட்டை வெறும் கூடு. திருகுகள் பிடித்திருப்பது இரண்டு பிளாஸ்டிக் தண்டுகளை. பவர் டிரில்லைக் கிட்டே கொண்டுவராதீர்கள், மரை போய்விடும். கையால், மெதுவாக.

பழைய ரப்பரில் ஐந்தாவது குண்டுக்கே அவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். புதியதில் பதினைந்து சுட்டார், முகம் சுளிக்கவில்லை. எனக்கு உறுத்திய குறை வேறு: புது ரப்பர் துணியைக் கவ்வுகிறது. குளிர்கால ஜாக்கெட்டோடு சட்டென்று தூக்கினால் அக்குளில் சிக்கி நிற்கிறது. போதாததற்கு, கால் அங்குல நீளமும் கூடிவிட்டது. மேல் விளிம்பில் வழவழப்பான டேப் ஒரு துண்டு ஒட்டினோம். இப்போது வழுக்கிக்கொண்டு ஏறுகிறது.