வீட்டில் பேசும் திரையும் மலேசியத் தமிழும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு மொழியின் நிலைபேற்றுக்குப் பள்ளியும் அச்சும் துணைநிற்கின்றன. எனினும் வீடே அதன் முதற்களம். மொழிப் பெயர்ச்சியை மீட்பது குறித்து 1991-இல் நூலெழுதிய ஜோஷுவா ஃபிஷ்மன், வீட்டில் தலைமுறைகளுக்கிடையே நிகழும் மொழிக் கையளிப்பையே மீட்சியின் அச்சாணியாகக் கொண்டார். அக்கருத்தின் அடிப்படையில், தொடுதிரையுடன் கூடிய திறன் ஒலிபெருக்கி என்னும் கருவியை மலேசியத் தமிழ்ச் சூழலில் வைத்து மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

அமேசானின் எக்கோ ஷோ 2017-இலும், பின்னர் நெஸ்ட் ஹப் எனப் பெயர் மாறிய கூகுள் ஹோம் ஹப் 2018-இலும் வெளிவந்தன. அழைத்தவுடன் பாடலை ஒலிக்கச் செய்து, வானிலையைக் கூறி, சமையற்குறிப்பைத் திரையில் காட்டும் இக்கருவி, வீட்டின் உரையாடலில் பங்கேற்கும் ஒரு குரலாகிறது. ஆதலின் அக்குரலின் மொழி எது என்னும் வினா எழுகிறது.

வானொலி மரபு

மலேசியத் தமிழர் வீட்டில் பேசும் கருவி நுழைவது இது முதன்முறையன்று. 1946-இல் தொடங்கிய மலாயா வானொலி தமிழிலும் ஒலிபரப்பியது. அதன் வழிவந்த தமிழ்ச் சேவையே இன்றைய மின்னல் பண்பலை. வானொலி நாடகமும் சிறுகதையும் இந்நாட்டு எழுத்தாளர் பலருக்குக் களம் அமைத்துக் கொடுத்தன. அறிவிப்பாளரின் திருத்தமான உச்சரிப்பு தோட்டப்புற வீடுகளையும் எட்டியது.

வானொலி பேசியது, வீட்டார் கேட்டனர். அது ஒருவழிக் கருவியாயினும் தமிழில் பேசியது. வானொலி கேட்பதற்காகப் பாட்டி தம் மொழியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததில்லை. பேசும் திரையோ வீட்டாரிடமிருந்தும் பேச்சை எதிர்பார்க்கிறது. தனக்குத் தெரிந்த மொழியில் பேசுவோருக்கே பணிகிறது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் மொழிவழக்கின்மீது அதன் விளைவு பெரிது.

எழுத்து பெற்ற இடம்

திரையில் தமிழெழுத்து தோன்றுவது இன்று இயல்பாகிவிட்டது. இதில் மலேசியாவின் பங்கு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. முத்து நெடுமாறன் 1980-களில் தொடங்கிய முரசு மென்பொருள் முயற்சி முரசு அஞ்சலாக வளர்ந்தது. அவருடைய செல்லினம் 2005-இல் கைப்பேசிக்குத் தமிழ்க் குறுஞ்செய்தியைக் கொண்டுவந்தது. 2013-இல் ஐபோனின் ஐஓஎஸ் 7, அஞ்சல், தமிழ்99 ஆகிய விசைமுகங்களைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரிலும் 2013-இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கூடியது. எழுத்துருவும் குறியேற்றமும் விசைமுகமும் அறிஞரும் தொழில்நுட்பரும் கூடிப் பேசியதால் தமக்குரிய இடத்தைப் பெற்றன. குரலுக்கு அத்தகைய கூட்டு முயற்சி இன்னும் வேண்டப்படுகிறது.

குரலின் குறை

கூகுள் அசிஸ்டன்ட் 2019-இல் கைப்பேசியில் தமிழைப் பேசத் தொடங்கியபோது, அதே நிறுவனத்தின் வீட்டு ஒலிபெருக்கியில் இந்திய மொழிகளுள் இந்திக்கே இடம் தரப்பட்டிருந்தது. அலெக்சா பேசக் கற்ற இந்திய மொழியும், அதே 2019-இல், இந்தியே. தொழில்நுட்பம் இயலாமையால் இது நேர்ந்தது எனக் கூறுதல் பொருந்தாது. கூகுளின் பேச்சுணரி, தமிழை இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என நான்காகப் பிரித்துப் பட்டியலிடுகிறது. மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் சேவையில் மலேசியத் தமிழுக்கெனக் கனி, சூர்யா என்னும் இரு செயற்கைக் குரல்கள் உள்ளன. 2024-இல் ஜெமினி லைவ் உரையாடல் தமிழுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே வீட்டுக் கருவியில் தமிழ் பின்தங்கியதற்குச் சந்தைக் கணக்கே காரணம் எனக் கொள்ளலாம்.

இதன் விளைவை எளிதில் உணரலாம். பழைய தமிழ்ப் பாடலைக் கருவி ஒலிக்கச் செய்யும். அதை ஒலிக்கச் சொல்லும் கட்டளை ஆங்கிலத்தில் அமைய வேண்டும். பாட்டி தம் விருப்பத்தைப் பேரனிடம் தமிழில் கூற, அவன் கருவியிடம் ஆங்கிலத்தில் கூறுகிறான். தமிழ் கேட்டு மகிழ்வதற்குரியது, காரியம் முடிப்பதற்கு வேறு மொழி என்னும் பாடத்தை அக்குழந்தை எவரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்கிறது. தமிழாசிரியர் கருத்திற்கொள்ள வேண்டிய இடம் இதுவே.

மேலும், 1951-இல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்சில் இயங்குகிறது. வெள்ளைக்கோலுடன் நடப்போரை அப்பகுதியில் நாள்தோறும் காணலாம். அவர்களுள் ஒரு தமிழருக்குக் கருவியின் திரை பயன்படாது. குரலே அவருக்குத் திரை. அக்குரல் அவர் மொழியை அறியாதெனின் கருவியின் பயன் அவருக்குப் பாதியாகக் குறைகிறது.

எந்தத் தமிழ்?

கருவி தமிழ் கற்பதாயின் எந்தத் தமிழைக் கற்பது? வழக்கு, செய்யுள் என்னும் இருமையைத் தொல்காப்பியப் பாயிரமே அறியும். மலேசியப் பேச்சுவழக்கில் மலாயும் ஆங்கிலமும் கலந்து நிற்கின்றன. கிள்ளானில் ஒருவர், "ஜாலான் தெங்கு கிளானாவுல இப்ப ஜேம்மா இருக்கா?" என வினவுவதாகக் கொள்வோம். மலாய்த் தெருப்பெயரோடு தமிழ் வேற்றுமை உருபு ஒட்டி நிற்கிறது. ஆங்கிலச் சொல் தமிழ் ஈறு பெறுகிறது. சொற்கள் மூன்று மொழிக்குரியன. இலக்கணம் முழுதும் தமிழே. எழுத்துத்தமிழை மட்டும் கற்ற கருவி இவ்வினாவில் தடுமாறக்கூடும். சென்னைப் பேச்சில் பயின்ற கருவியும் தெருப்பெயரில் இடறக்கூடும்.

இத்தகைய கலப்பைக் கருவி ஏற்றால் அது நிலைபெற்றுவிடும் என்று ஆசிரியர் சிலர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் கேட்டலையும் பேசுதலையும் பிரித்து நோக்கினால் தீர்வு புலப்படும். கேட்கும்போது கருவி எல்லா வழக்கையும் ஏற்க வேண்டும். ஏனெனில் தாம் பேசும் தமிழ் புறக்கணிக்கப்பட்டால் மக்கள் வேறொரு தமிழுக்கு மாறுவதில்லை, ஆங்கிலத்துக்கே மாறுவர். பேசும்போது அது தெளிவான, மரியாதைப் பன்மை வழங்கும் பேச்சுத்தமிழைக் கையாளலாம். நல்லாசிரியர் மாணவனின் பேச்சைத் திருத்தாமல் முதலில் செவிமடுத்து, பின்னர்த் தம் மறுமொழியால் வழிகாட்டுவதை இது ஒக்கும்.

முடிவுரை

திரையுடைய திறன் ஒலிபெருக்கி தமிழெழுத்தைக் காட்டவும் தமிழிசையை ஒலிக்கவும் வல்லது. தமிழரை வீட்டுமொழியில் பேசவைப்பதில் அது பின்தங்கியது என்பது இம்மதிப்பீட்டின் முடிவு. இக்குறையைக் களையத் தேவையானது மக்களின் குரற்பதிவு. 2017-இல் மொசில்லா தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டம் தமிழ்க் குரல்களையும் திரட்டுகிறது. எவரும் அதற்குப் பங்களிக்கலாம். நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியரும் பல்கலைக்கழக மாணவரும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் முதலிய இடங்களில் முதியோரின் பேச்சைத் திரட்ட முன்வரலாம். பேசுவோரின் இசைவும், பதிவு எதற்குப் பயன்படும் என்ற தெளிவும் இதற்கு இன்றியமையாதன. வீட்டுப் பேச்சு குடும்பத்தின் உடைமை. எழுத்துக்காக ஒன்றுகூடியவர்கள் குரலுக்காகவும் ஒன்றுகூடினால், பாட்டி தமக்கு வேண்டிய பாடலைப் பேரனின் உதவியின்றித் தாமே கேட்டுப் பெறலாம்.