மதுரைக்காஞ்சியில் நகர வாழ்வும் யாமப் பகுப்பும்

பத்துப்பாட்டினுள் 782 அடிகளால் நெடிது நடப்பது மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்த எழுந்த இப்பாட்டில் ஏறக்குறையப் பாதி, மதுரை மாந்தரின் அன்றாட வாழ்வையே பேசுகின்றது. இந்நகர்ப்பகுதி காஞ்சிப்பொருளோடு ஒட்டாத வெறும் வருணனை என்பாரும் உளர். அக்கருத்து ஆராய்தற்குரியது.

உலகாண்டு மறைந்த மன்னர் கடற்கரை மணலினும் பலர் எனக் கூறிய பின்னரே புலவர் நாட்டையும் நகரையும் காட்டத் தொடங்குகின்றார். இவ்வைப்புமுறை கருதத்தக்கது. நாளங்காடியில் பூவும் சுண்ணமும் பாக்கும் வெற்றிலையும் சங்கு சுட்ட நீறும் விற்போர், நாற்படையும் தெருவிற் செல்லக் கண்டு உயிருக்கு அஞ்சிப் பெருமூச்செறிந்து ஒதுங்கியிருக்கின்றனர். படை நீங்கியதும் மாடங்களின் நிழலிலே மீண்டும் தம் வாணிகத்திற்கு இருந்துவிடுகின்றனர். வென்ற வேந்தன் முன்னிலையில் பாடும் பாட்டில் அவன் படையைச் சிறுவணிகரின் அச்சத்தின் வழியே காட்டுதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஈண்டுப் படை கடந்து போவது, அங்காடி நிற்பது. காஞ்சிப்பொருள் இதனினும் தெளிவாக வேறெங்கே கூறப்பட்டது?

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையைக் கோவலன் நடந்து காண்கின்றான். ஆகவே அங்கு நகரம் தெருத்தெருவாக விரிகின்றது. மருதனாரிடம் அத்தகைய வழிப்போக்கன் இல்லை. பொழுதே அவர்க்கு வழிகாட்டி. நாளங்காடி ஒடுங்க அல்லங்காடி எழுகின்றது. முதல் யாமத்தில், மகப்பெற்ற மகளிர் சுற்றம் சூழக் குளத்தில் நீராடுகின்றனர். கருவுற்ற மகளிர்க்காகத் தெய்வம் பேணப்படுகின்றது.

மதுரையைத் 'தூங்கா நகரம்' என்று போற்றுவார் இப்பாட்டைச் சான்று காட்டுதல் வழக்கம். சுற்றூர்களிலிருந்து இரவில் நகர்க்குள் வருவார்க்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் பாட்டு அவ்வாறு கூறவில்லை. இரண்டாம் யாமத்தில் கடைகள் அடைபடுகின்றன. அடையும் மோதகமும் விற்போர் இருந்தவாறே உறங்குகின்றனர். விழவில் ஆடிய கூத்தரும் துயில்கின்றனர். ஒலி அடங்கிய கடல்போல ஊர் கிடக்கின்றது. மூன்றாம் யாமத்தில் விழித்திருப்போர் நூலேணி சுற்றிய கள்வரும், மழை பொழியும் நள்ளிரவிலும் தெருவை விட்டகலாத காவலருமே. அல்லங்காடியை மட்டும் கண்டு இவ்வுறக்கத்தைக் காணாது விட்டால், பாட்டின் ஒரு பாதியே நம் கைக்கு வரும். பிறப்பும் வாணிகமும் களவும் காவலும் ஓரிரவுக்குள் முறையே வந்து செல்லுமாறு அமைத்தமையே புலவரின் நோக்கத்தைக் காட்டுவது என்பது எம் கருத்து.

வைகறையில் கடைகளின் முன்னிடம் மெழுகப்படுகின்றது. இல்லங்களின் கதவுகள் ஒலியுடன் திறக்கின்றன. முற்றத்தில் வாடிக் கிடந்த முன்னாட் பூக்கள் பெருக்கி அகற்றப்படுகின்றன. அரசன் துயிலெழுவதைப் புலவர் இவற்றிற்குப் பின்னரே கூறுகின்றார்.